ஒரு பழைய பெட்டி, சுவரில் நாலு திரை

என் மேசையில் மானிட்டருக்கு இடம் கிடையாது. புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துப் பக்கம் கட்டிக் கொடுப்பது என் வேலை. மேசை முழுக்க அச்செடுத்த தாள்தான் பரந்து கிடக்கும். ஒரு மானிட்டரின் கால் வைத்தாலே ஒரு ஏ4 தாள் கிடக்க வேண்டிய இடம் போய்விடும். எனக்கோ நாலு திரை வேண்டும். ஒன்றில் ஆசிரியர் அனுப்பிய மூலப்பிரதி, நடுவில் நான் கட்டிக்கொண்டிருக்கும் பக்கம், இன்னொன்றில் அகராதியும் திருத்தக் குறிப்பும், ஓரத்தில் சின்னதாக ஒன்றில் மின்னஞ்சல். மேசையில் முடியாது என்றால் சுவர்தான்.

கணினி 2012 காலத்து மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ5. அலுவலகங்கள் மொத்தமாக வாங்கி மொத்தமாகக் கழித்துவிடும் ஒல்லிக் கேபினெட் ரகம். 16 ஜிபி ரேமும் ஒரு எஸ்.எஸ்.டி.யும் போட்ட பிறகு என் வேலைக்கு அது சோர்ந்ததே இல்லை. ஆனால் நாலு மானிட்டர் என்று வாயைத் திறந்தால் போதும், "இதுலயா? புதுசா ஒண்ணு வாங்கிடுங்களேன்" என்பார்கள். நான் வாங்கவில்லை. அதற்குப் பதிலாக என்னென்னவோ சின்னச் சின்னப் பொருள்கள் வாங்கினேன். ஒன்றைத் திருப்பிக் கொடுத்தேன், ஒன்றைக் குப்பையில் போட்டேன், ஒன்று இழுப்பறையில் தூங்குகிறது, மீதி ஒன்றரை வருடமாகச் சுவரில் வேலை செய்கிறது. அவற்றைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

புதுசு வாங்கும் பேச்சை முதலில் முடித்துவிடலாம். ஒரு ஃபுல் எச்.டி. திரையில் 1920க்கு 1080 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட் என்று வைத்தால் ஒரு திரை நிறைய இருக்கும் படம் நினைவகத்தில் 8 எம்பி சொச்சம். என் நாலு திரைக்கும் சேர்த்தால் 30 எம்பி. எழுத்தும் கோடுமாக அசையாமல் நிற்கும் பக்கங்களைக் காட்ட 2012ஆம் வருடத்துக் கணினிக்கு மூச்சு வாங்காது. விளையாட்டு, வீடியோ எடிட்டிங் என்றால் கதை வேறு. என் மாதிரி வேலைக்குப் பழைய கணினியில் குறைவது வலு இல்லை, வாசல்தான். பின்பக்கம் எத்தனை போர்ட் இருக்கிறது, அதில் எத்தனை ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும்? இவ்வளவுதான் கேள்வி.

இது புரிவதற்கு முன்னால் வாங்கியது, மானிட்டருக்குப் படம் கொண்டுபோகும் எச்.டி.எம்.ஐ. இணைப்பைப் பலவாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர். அட்டைப் பெட்டியின் மேல் ஒரு கணினி, அதிலிருந்து நாலு மானிட்டர், நாலிலும் நாலு வெவ்வேறு படம் அச்சடித்திருந்தார்கள். கொண்டுவந்து மாட்டினேன். கையில் இருந்த இரண்டு மானிட்டரிலும் ஒரே மூலப்பிரதி, ஒரே பக்கம், ஒரே வரியில் ஒரே கர்சர் துடித்தது. ஸ்பிளிட்டரின் தொழில் அதுதான்: வருகிற சிக்னலை நகல் எடுத்து எல்லாப் பக்கமும் அனுப்பும். வகுப்பறைக்கோ அறிவிப்புத் திரைக்கோ அது சரி. டெஸ்க்டாப்பை நீட்டிக்க அதால் முடியாது. பழைய வகை மானிட்டர் இணைப்பான வி.ஜி.ஏ.வில் கிடைக்கும், ஒன்று இரண்டாகப் பிரியும் ஒய் கேபிளும் இதே சாதி. பெட்டியில் பழுதில்லை, அட்டைப் படத்தில்தான் பொய். மறுநாளே திருப்பிக் கொடுத்தேன்.

டிஸ்பிளேபோர்ட் என்பது எச்.டி.எம்.ஐ. மாதிரி வேறொரு மானிட்டர் இணைப்பு. அதற்கு ஹப் என்று ஒன்று உண்டு. ஒரு போர்ட்டிலிருந்து உண்மையாகவே வெவ்வேறு திரைகளைப் பிரித்துத் தரும், எம்.எஸ்.டி. என்பார்கள். நல்ல பொருள். ஆனால் அதற்கு டிஸ்பிளேபோர்ட் 1.2 வேண்டும். தனிக் கார்டு இல்லாமல் சிப்புக்குள்ளேயே இருக்கும் இன்டெல் உள் கிராஃபிக்ஸில் அது நாலாம் தலைமுறையிலிருந்துதான் வருகிறது. என்னுடையது மூன்றாம் தலைமுறை. ஒரு தலைமுறையில் தவறிவிட்டது.

அப்புறம்தான் கணினியின் முதுகை ஒழுங்காகப் பார்த்தேன். ஒரு வி.ஜி.ஏ., இரண்டு டிஸ்பிளேபோர்ட். மூன்றாம் தலைமுறையின் உள் கிராஃபிக்ஸ் மூன்று திரை வரை தாங்கும். அதற்கு முந்தைய தலைமுறை என்றால் இரண்டோடு சரி. பரவாயில்லையே, மூன்று கையிலேயே இருக்கிறதே என்று இரண்டு டிஸ்பிளேபோர்ட்டிலும் எச்.டி.எம்.ஐ. கேபிளைக் குத்த உதவும் 'மாற்றி' என்ற சின்னத் துண்டு ஒவ்வொன்று வாங்கி மாட்டினேன். இரண்டு எரிந்தன. மூன்றாவதைச் செட்டிங்கில் இயக்கினால் முதலாவது அணைந்தது. முதலாவதை இயக்கினால் மூன்றாவது அணைந்தது. ஒரு சாயங்காலம் முழுக்க இந்தக் கண்ணாமூச்சி.

காரணம் பிறகு தெரிந்தது. அந்தச் சின்ன மாற்றி உண்மையில் மொழிபெயர்ப்பதில்லை. "இந்தப் பக்கம் எச்.டி.எம்.ஐ. ஆள் வந்திருக்கிறார், அவர் மொழியில் பேசு" என்று போர்ட்டிடம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். எச்.டி.எம்.ஐ., டி.வி.ஐ., வி.ஜி.ஏ. மொழி பேசுகிறவர்களுக்கு ஆளுக்கொரு கடிகாரத் துடிப்பு வேண்டும், அந்தச் சிப்பில் அது இரண்டு பேருக்குத்தான் இருக்கிறது. டிஸ்பிளேபோர்ட்டை டிஸ்பிளேபோர்ட்டாகவே நேர் கேபிளில் கொண்டுபோனால் இந்தத் தகராறு இல்லை. மாற்றிகளைக் கழற்றிவிட்டு இரண்டு நேர் கேபிள் போட்டதும் மூன்று திரையும் எரிந்தன. மூன்று போதும் என்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்; கேபிள் தவிர வேறு எதுவும் வாங்கவேண்டாம். மாற்றிதான் வேண்டும் என்றால் 'ஆக்டிவ்' என்று போட்டதாகப் பார்க்க வேண்டும், அது தானே மொழிபெயர்த்துக்கொள்ளும்.

நாலாவதற்கு யூ.எஸ்.பி. அடாப்டர் வாங்கினேன். இந்த வகையில் பலவற்றுக்குள் இருப்பது டிஸ்பிளேலிங்க் சிப். கணினியின் சி.பி.யு. படத்தைச் சுருக்கி யூ.எஸ்.பி. வழியே அனுப்பும், அடாப்டர் அதை விரித்து மானிட்டரில் காட்டும். முதல் நாள் மவுஸை நகர்த்தினால் கர்சர் ஒரு அடி பின்னால் வந்தது, பாகாய் இழுத்தது. திட்டிக்கொண்டே கழற்றப் போனபோதுதான் கவனித்தேன், நான் குத்தியிருந்தது கறுப்புத் துளையில். அது யூ.எஸ்.பி. 2, நொடிக்கு 480 மெகாபிட். ஃபுல் எச்.டி. படத்தை நொடிக்கு 60 தடவை சுருக்காமல் அனுப்பினால் 3 ஜிகாபிட் ஆகும். பக்கத்திலேயே இருந்த நீலத் துளை யூ.எஸ்.பி. 3, அது 5 ஜிகாபிட். மாற்றிக் குத்தியதும் இழுவை நின்றது. தப்பு என்னுடையது.

ஆனாலும் அதை வைத்துக்கொள்ளவில்லை. நானூறு பக்கக் கோப்பைக் கடகடவென்று உருட்டும்போது சி.பி.யு. ஏறுகிறது, கேபினெட் விசிறி சத்தம் போடுகிறது. கிராஃபிக்ஸ் கார்டு செய்யவேண்டியதைச் சி.பி.யு. தலையில் கட்டினால் அப்படித்தான். விண்டோஸ் வந்து அதை ஓட்டும் டிரைவர் மென்பொருள் ஏறும் வரை அந்தத் திரை கறுப்பாகவே இருக்கும் என்பது இன்னொன்று. மின்னஞ்சலுக்கோ ஒரு நாள்காட்டிக்கோ இது போதும். கேபினெட்டைத் திறக்கவே மாட்டேன் என்கிறவர்களுக்கும் மடிக்கணினிக்காரர்களுக்கும் இது நல்ல வழி. என்னிடம் அது இழுப்பறையில் இருக்கிறது, மடிக்கணினியோடு வெளியே போகும் நாளில் மட்டும் எழுந்து வரும்.

என் சிக்கலைத் தீர்த்தது ஒரு கார்டு. என்விடியா என்.வி.எஸ். 510. அதுவும் 2012இல் வந்தது, என் கணினிக்குச் சம வயது. பயன்படுத்தியதைத்தான் வாங்கினேன். விளையாட்டுக்காரர்கள் இதைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். நிறையத் திரை வைத்துக்கொண்டு எண்ணும் எழுத்தும் பார்க்கிறவர்களுக்காகச் செய்தது. பாதி உயரக் கார்டு, 2 ஜிபி நினைவகம், முதுகில் வரிசையாக நாலு மினி டிஸ்பிளேபோர்ட், நாலும் ஒரே நேரத்தில் எரியும். மின்சாரம் 35 வாட். கார்டு உட்காரும் நீள ஸ்லாட் 75 வாட் வரை தரும் என்பதால் தனியாகப் பவர் வயர் வேண்டாம். என் கேபினெட்டின் பவர் சப்ளை மொத்தமே 240 வாட், அதற்கும் இது பாரமில்லை.

வந்த அன்றைக்கு ஒரு ஏமாற்றம். கார்டு பாதி உயரம், ஆனால் அதில் திருகியிருந்த இரும்புத் தகடு முழு உயரம். ஒல்லிக் கேபினெட்டை மூட முடியவில்லை. விற்றவரிடம் கேட்டதற்கு, "குட்டைத் தகடு எங்ககிட்ட வந்தப்பவே இல்லைங்க" என்றார். அதைத் தனியாகத் தேடி வாங்கி மாட்ட இரண்டு வாரம் போனது. ஒல்லிக் கேபினெட் வைத்திருப்பவர்கள் கார்டு வாங்குமுன் கேட்கவேண்டிய முதல் கேள்வி: குட்டைத் தகடு கூட வருகிறதா? விசிறிச் சிறகுகளில் கம்பளி மாதிரி தூசி படிந்திருந்தது, எத்தனை அலுவலகம் பார்த்ததோ. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தபின் சத்தம் அடங்கியது.

இதே வேலைக்கு வேறு கார்டுகளும் உண்டு. குவாட்ரோ பி620 இதைவிடப் புதியது, நாலு மினி டிஸ்பிளேபோர்ட், 40 வாட். அதே குடும்பத்துப் பி400இல் மூன்றுதான். போர்ட்டை மட்டும் எண்ணிப் பழைய கார்டு வாங்குவதும் ஆபத்து. கெப்ளர் தலைமுறைக்கு முந்தைய என்விடியா கார்டுகளில் மூன்று துளை இருந்தாலும் ஒரே நேரத்தில் எரிவது இரண்டுதான். என்.வி.எஸ். 510 கெப்ளர் என்பதால் தப்பித்தது. ஆனால் கெப்ளருக்கு டிரைவர் 470 வரிசையோடு நின்றுவிட்டது, இனிப் புதிதாக வராது. இப்போது வாங்குகிறவராக நான் இருந்தால் பி620தான் வாங்குவேன்.

கார்டை மாட்டியதும் போர்டிலிருந்த பழைய போர்ட்டுகள் செத்துவிட்டன என்று பயந்துவிடவேண்டாம். பல பழைய கணினிகள் கார்டு வந்ததும் உள் கிராஃபிக்ஸைத் தானாக அணைத்துவிடும். விண்டோஸுக்கு முன்னால் எழும் பயாஸ் செட்டிங்கில் மல்டி டிஸ்பிளே என்றோ மல்டி மானிட்டர் என்றோ ஒரு வரி இருந்தால் அதை இயக்கி இரண்டையும் சேர்த்து ஓட்டலாம். நான் கொஞ்ச நாள் அப்படி ஓட்டினேன். பிறகு ஒரே டிரைவர் போதும் என்று எல்லாவற்றையும் கார்டுக்கே மாற்றிவிட்டேன்.

இனிச் சுவர்.

துளை போடுவதற்கு முன் பழைய செய்தித்தாளை மானிட்டர் அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி மூன்று நாள் அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். சிரித்தவர்கள் உண்டு. முதல் நாள் ஒட்டிய உயரத்துக்கும் கடைசியில் துளை போட்ட உயரத்துக்கும் ஒரு சாண் வித்தியாசம். நின்றுகொண்டு பார்த்தால் அழகாகத் தெரியும் உயரம், உட்கார்ந்து பார்த்தால் கோபுரம். திரையின் மேல் விளிம்பு உட்கார்ந்த கண்ணுக்கு நேராகவோ கொஞ்சம் கீழாகவோ வரவேண்டும். சுவரில் மாட்டும் எல்லோரும் படம் மாட்டுகிற பழக்கத்தில் ஒரு அடி மேலே மாட்டிவிடுகிறார்கள், பிறகு கழுத்துக்குத் தைலம் தேடுகிறார்கள்.

பிராக்கெட் இரண்டு வகை வாங்கினேன். சுவரோடு ஒட்டி நிற்கும் தட்டு இரண்டு, மடங்கி நீளும் கை இரண்டு. தட்டு பார்க்க அழகு, விலகலே தெரியாது. ஆனால் டிஸ்பிளேபோர்ட் கேபிளின் தலையில் ஒரு கொக்கி உண்டு. பட்டனை அமுக்கினால்தான் வெளியே வரும். சுவருக்கும் மானிட்டருக்கும் நடுவே இரண்டு விரல் இடுக்கில் கையை விட்டு, எது பட்டன் என்று தெரியாமல் தடவி, அமுக்கி, இழுத்துப் பாருங்கள். என் சுட்டுவிரல் நகம் ஒன்று போயிற்று. கேபிளை மாற்றவேண்டி வந்தபோதெல்லாம் மானிட்டரையே கழற்றினோம். தட்டு மாட்டுகிறவர்கள் மானிட்டர் பக்கம் எச்.டி.எம்.ஐ. வைத்துக்கொள்வது நல்லது, அதற்குக் கொக்கி கிடையாது. நீளும் கையில் இந்தத் தொல்லை இல்லை. இழுத்தால் முன்னால் வரும், திருப்பினால் திரை நெட்டுக்குத்தாக நிமிர்ந்து நிற்கும். அடுத்த முறை நாலும் கைதான்.

மானிட்டரின் முதுகில் நாலு துளை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வேசா அளவு என்பார்கள். சின்ன மானிட்டர்களில் 75க்கு 75 மில்லிமீட்டர் அல்லது 100க்கு 100, திருகு எம்4. பிராக்கெட்டோடு ஒரு பொட்டலம் நிறையத் திருகு வரும், அதில் நீளமானதும் இருக்கும். துளையின் ஆழத்தை ஒரு தீக்குச்சியால் அளந்து பார்த்துவிட்டுத் திருகைத் தேர்ந்தெடுத்தேன். நீளத் திருகைக் கண்ணை மூடி முறுக்கினால் அது பேனலின் முதுகில் போய் நிற்கும். என் மானிட்டர் ஒன்றில் துளைகள் பள்ளத்துக்குள் இருந்தன, அதற்கு நீளத் திருகோடு சின்னக் குழாய்த் துண்டுகளும் தேவைப்பட்டன. சுவர் செங்கல் என்பதால் 8 மில்லிமீட்டர் துளை, அதற்குப் பிளக், முடிந்தது. ஜிப்சம் பலகைச் சுவரானால் உள்ளே கட்டை எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடித்து அதில்தான் கையை மாட்ட வேண்டும். நீட்டிய கை நெம்புகோல் மாதிரி இழுக்கும், வெறும் பலகை தாங்காது.

நாலு திரையில் மூன்று 24 அங்குல ஃபுல் எச்.டி., ஒன்று பழைய 19 அங்குலச் சதுரம், 1280க்கு 1024. பழசையும் புதுசையும் சேர்த்தால் எழுத்து ஒன்றில் பெரிதாகவும் ஒன்றில் சிறிதாகவும் தெரியுமே என்று கவலைப்பட்டேன். கணக்குப் போட்டால் அங்குலத்துக்கு ஒன்றில் 86 புள்ளி, மற்றதில் 92. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். ஜன்னலை இழுத்துப் போட்டால் அளவு மாறாமல் போகிறது.

24 அங்குலத் திரையின் உயரம் கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர், ஏ4 தாளின் உயரம் 29.7. அகலத்திலோ இரண்டு தாள் பக்கம்பக்கமாகப் போக இடம் மிச்சமிருக்கிறது. டாஸ்க்பாரை மறைத்துவிட்டால் விரித்த புத்தகம் மாதிரி இரண்டு ஏ4 பக்கம் அசல் அளவில் திரையில் கிடக்கும். அச்செடுத்த தாளைச் சுவரில் தூக்கிப் பிடித்து ஒப்பிட்டேன், மார்ஜின் மார்ஜினோடு உட்கார்ந்தது. மூலப்பிரதிக்கான திரையை நிமிர்த்தி மாட்டினேன். அதில் ஒரு பக்கம் அசலைவிட நாற்பது சதவீதம் பெரிதாக, மேலிருந்து கீழ் வரை உருட்டாமல் தெரிகிறது. ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசம் தெரியாத எழுத்துருவில் அனுப்புகிற ஆசிரியர்கள் இருக்கும் வரை எனக்கு இது வேண்டும். நிமிர்த்துவதானால், பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐ.பி.எஸ். வகைப் பேனலாகப் பார்க்க வேண்டும். டி.என். பேனலை நிமிர்த்தினால் தலையை இப்படி அசைத்தால் ஒரு நிறம், அப்படி அசைத்தால் ஒரு நிறம்.

சதுரத் திரைக்கு வி.ஜி.ஏ. மட்டும்தான். கார்டில் மினி டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து வி.ஜி.ஏ. மாற்றி போட்டு, அங்கிருந்து நீள வி.ஜி.ஏ. கேபிளைச் சுவர் வரை இழுத்தேன். படம் வந்தது, ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் வலப்பக்கம் ஒரு நிழல். எனக்கு அது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. 'ர்' மேலிருக்கும் புள்ளி மங்கிப்போய் 'ர' ஆகிவிட்டால் என் பிழைப்பே போச்சு. வி.ஜி.ஏ. அனலாக் சிக்னல், தூரம் போகப் போகக் கரையும். மாற்றியை மானிட்டர் பக்கம் கொண்டுபோய் வைத்து, நீள தூரத்தை டிஸ்பிளேபோர்ட் கேபிளிலேயே கடந்தேன். ஒரு முழம் வி.ஜி.ஏ. மட்டும் மிச்சம். புள்ளிகள் திரும்பி வந்தன.

நீளம் பற்றி: மேசைக்கும் சுவருக்கும் மூன்று மீட்டர் போதும் என்று அளந்தேன். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை. மேசைக்கு அடியிலிருந்து ஓரத்துக்குப் போய், சுவரோரம் ஏறி, கை மடங்கி நீளுவதற்கும் கொஞ்சம் தொங்கல் விட்டால் ஐந்து மீட்டர் ஆகிறது. ஃபுல் எச்.டி.க்கு ஐந்து மீட்டரில் எனக்குச் சிக்கல் வரவில்லை. 4கே என்றால் அவ்வளவு நீளத்துக்கு ஏதோ ஒரு கேபிள் ஆகாது, பார்த்து வாங்க வேண்டும். மினி டிஸ்பிளேபோர்ட் தலைக்குக் கொக்கி இல்லாததால் நாலு நீளக் கேபிளின் பாரமும் சேர்ந்து அவற்றைக் கார்டிலிருந்து மெதுவாக உருவும். மேசைக் காலில் ஒட்டு நாடாவால் கட்டிப் பாரத்தை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

எல்லாம் மாட்டி, நாலும் எரிந்து, நான் பெருமையோடு படுத்த இரவுக்கு மறுநாள் காலை கணினி ஓடவில்லை. பட்டனை அமுக்கினால் விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. மறுபடி அமுக்கினால் அதுவும் இல்லை. பழைய பவர் சப்ளை போய்விட்டது, கார்டு அதைத் தின்றுவிட்டது என்று நானே தீர்ப்பெழுதிவிட்டேன். அக்கா மகனைக் கூப்பிட்டேன். அவன் வந்து மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டான்.

"சித்தி, கரண்ட் பிளக்கைப் பிடுங்கியாச்சா?"

"பிடுங்கியாச்சுடா. கையிலதான் இருக்கு."

"அப்புறம் எப்படி உள்ள லைட் எரியுது?"

குனிந்து பார்த்தேன். கேபினெட்டின் பக்கத் தகடு கழற்றியிருந்தது. மதர்போர்டின் மூலையில் ஒரு சின்னப் பச்சை விளக்கு, மின்மினி மாதிரி, மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. பிளக் என் கையில். பேய் பிடித்த கணினியை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவன் மானிட்டர்களின் சுவிட்சை ஒவ்வொன்றாக அணைத்தான். மூன்றாவதை அணைத்ததும் பச்சை விளக்கும் அணைந்தது. பிளக்கை மாட்டிப் பட்டனை அமுக்கினான், கணினி ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது.

மானிட்டர் கேபிள் வழியாகக் கணினிக்கு மின்சாரம் ஊட்டிக்கொண்டிருந்தது. டிஸ்பிளேபோர்ட்டில் 20 பின்கள். கடைசி 20ஆவது பின்னில் 3.3 வோல்ட் இருக்கும், மாற்றிகளுக்குத் தெம்பு கொடுப்பதற்காக வைத்தது. கணினி, மானிட்டர் இரண்டு பக்கமும் அது உண்டு. அதனால் சாதாரணக் கேபிளில் அந்த ஒரு பின்னை மட்டும் இணைக்கக் கூடாது என்பது விதி. கேபிள் செய்தவர்களில் சிலர் இருபதையும் இணைத்துவிடுகிறார்கள், எல்லாம் இருந்தால் நல்லதுதானே என்கிற நினைப்பு. அப்போது அணைந்துகிடக்கும் கணினிக்குள் மானிட்டரின் 3.3 வோல்ட் பின்வாசல் வழியாக நுழைந்து, முழுக்க எழவும் விடாமல் முழுக்கத் தூங்கவும் விடாமல் அதைக் குழப்பும். கணினி ஓடும்போது எந்தக் கோளாறும் தெரியாது, படம் அருமையாக வரும். அதுதான் கொடுமை. நாலு கேபிளில் மூன்று ஒரே இடத்தில் வாங்கியவை. ஒன்று மட்டும் அவசரத்துக்கு, பெயரில்லாத உறையில் வந்தது. அதுதான் குற்றவாளி. அதைக் கத்தரித்துவிட்டுத்தான் குப்பையில் போட்டேன், வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று. பதிலுக்கு, டிஸ்பிளேபோர்ட் விதிகளை வகுக்கும் வேசா அமைப்பின் சான்று பெற்ற கேபிள் வாங்கினேன். அதற்குப் பிறகு மின்மினி வரவில்லை.

கார்டை, கணினியை, பவர் சப்ளையை எல்லாம் சந்தேகப்பட்டு, கடைசியாகத்தான் கேபிளைப் பார்த்தோம். பழைய கணினிக்கு இதுதான் சாபம். எது நடந்தாலும் வயசாகிவிட்டது என்று அதன் மேலேயே பழி விழும்.

விண்டோஸில் செய்யவேண்டியது கொஞ்சம்தான். டிஸ்பிளே செட்டிங்கில் நாலு கட்டம் வரும், சுவரில் இருக்கிற மாதிரியே இழுத்து அடுக்கினால் மவுஸ் சரியான பக்கம் தாண்டும். நிமிர்ந்த திரைக்கும் படுத்த திரைக்கும் நடுவே உயரத்தைச் சரிசெய்யாவிட்டால் மவுஸ் விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கும். ஒரு தொல்லை மட்டும் தீரவில்லை. டிஸ்பிளேபோர்ட் மானிட்டரை அணைத்தால், அதைக் கழற்றிவிட்டதாகவே விண்டோஸ் நினைத்துக்கொள்கிறது. அதிலிருந்த ஜன்னல்களை எல்லாம் வாரி இன்னொரு திரையில் கொட்டிவிடுகிறது. விண்டோஸ் 11இல் இடத்தை நினைவில் வைக்கும் வசதி இருக்கிறது, ஆனால் விண்டோஸ் 11 ஏற்கும் சிப்புகளின் பட்டியலில் என் பழைய ஐ5 இல்லை. சில மானிட்டர்களின் சொந்த மெனுவில் டீப் ஸ்லீப் என்று ஒன்று உண்டு. அதை அணைத்ததும் என் மூன்றில் இரண்டு ஒழுங்குக்கு வந்தன. மூன்றாவதை நான் அணைப்பதே இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது என்பதும் தெரியும். அடுத்த வேலை லினக்ஸ். அதற்குப் பக்கம் கட்டும் மென்பொருளை மாற்ற வேண்டும். கையில் இருக்கும் புத்தகம் முடியட்டும் என்று ஒவ்வொரு புத்தகத்துக்கும் தள்ளிப்போடுகிறேன்.

மற்றபடி கார்டுக்கு முழு மதிப்பெண், நீளும் கைக்கு முழு மதிப்பெண், ஒட்டுத் தட்டுக்குப் பாதி. யூ.எஸ்.பி. அடாப்டர் அதன் இடத்தில் நல்லது.

பயாஸ் செய்தி எப்போதும் கார்டின் முதல் போர்ட்டில்தான் வருகிறது. முதல் போர்ட்டில் நான் மாட்டியிருப்பது நிமிர்ந்த திரை. பயாஸுக்குத் திரை நிமிர்ந்திருப்பது தெரியாது. ஆகவே ஒவ்வொரு முறையும் அதன் எழுத்து ஒருக்களித்துப் படுத்த மாதிரி பக்கவாட்டில் வருகிறது, நானும் தலையைச் சாய்த்துப் படிக்கிறேன். கேபிளை மாற்றிக் குத்தினால் தீர்ந்துவிடும். ஆனால் அந்தத் திரை ஒட்டுத் தட்டில் இருக்கிறது.

"கார்டு பக்கம் மாத்தினாலே போதுமே சித்தி, மானிட்டரைத் தொடவே வேண்டாம்" என்றான் அக்கா மகன் போன வாரம்.

ஒன்றரை வருடமாக எனக்கு அது தோன்றவே இல்லை.